விலக்கு அளிக்கப்பட்ட டீக்கடை

காலை பஸ் வருகிற நேரம். கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊரில், ஒரு வளைவில் இருந்த அந்த டீக்கடையில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். சாலைக்கு எதிர்ப்பக்கம், தூறலில் நனைந்தபடி, சேந்தமங்கலம் போகிற கூட்டம் நின்றுகொண்டிருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி பிள்ளையின் தலையில் துண்டைப் போட்டு மூடியிருந்தாள். இந்தப் பக்கம் கூரை இருக்கிறது, கூரைக்குக் கீழே பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. ஒருவரும் வரவில்லை.

மலைக்காரர்களுக்குத் தூறலில் நிற்பது பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அரசாங்க ஊழியர்கள் இப்படித்தான். நமக்குப் புரியாத எதையும் அந்த வட்டாரத்துப் பழக்கம் என்று சொல்லி முடித்துவிடுவோம்.

கடைக்காரி பாப்பாத்தி அக்கா "வாங்க" என்றார். கொங்குப் பக்கத்தில் "வாங்க" ஏழெட்டு விதத்தில் வரும். அன்றைக்கு வந்தது, வந்து தொலைச்சீங்களா என்கிற விதம்.

நான் எதிர்பார்த்துப் போனது வேறு. மாலை மரியாதை வேண்டாம், ஒரு சிரிப்பாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கடையை ஜேசிபிக்குக் கொடுக்காமல் காப்பாற்றியவளே நான்தான். அதற்காக நாமக்கல்லுக்கும் மலைக்குமாக அலைந்து, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துத் திரிந்தவளும் நான்தான்.

சிரிப்பு வரவில்லை. சரி, ஏதோ மனக்கவலை என்று பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன். என் டீயை என் டம்ளரில் ஊற்றி, அவர் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன். எதிர்ப்பக்கத்துக் கூட்டம் முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. பாப்பாத்தி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் அந்தப் பிளாஸ்க் என் பைக்குள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நோட்டீஸ் மேடம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காக: நான் தெற்கே உடன்குடிப் பக்கத்துக்காரி. ஊருக்கென்று இருக்கும் ஒழுங்கு விதிகளை யார் மீறினாலும் போய் நிற்கிற வேலை என்னுடையது. நடைபாதையில் கடை, சாக்கடையில் கோழி இறகு, அனுமதி வாங்காத மாடி, தடை செய்த பிளாஸ்டிக் பை, காதைக் கிழிக்கிற ஒலிபெருக்கி, எல்லாம் என் கணக்கு. பதவியின் முழுப் பெயரை எழுதினால் இந்தப் பக்கமே அதற்குத்தான் சரியாக இருக்கும். மக்கள் சுருக்கமாக "நோட்டீஸ் மேடம்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்.

பெரியவளானதும் பெட்டிக்கடைகளை அகற்றுவேன் என்று எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதில்லை. நான் ஆசைப்பட்டது போலீஸ் வேலைக்கு. உயரம் அளந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போம்மா, நல்லா சாப்பிடு" என்று அனுப்பிவிட்டார். அந்த வயதுக்கு மேல் சாப்பிட்டால் எந்தப் பக்கம் வளரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு கண்ணில் பட்ட பரீட்சையெல்லாம் எழுதியதில் இந்த வேலை மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அம்மா எல்லாரிடமும், "எம்புள்ள கவருமென்ட்டு உத்தியோகம்" என்பாள். என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால் பாதிரியாரைப் பார்க்கப் போய்விடுவாள்.

முதல் வேலை சமவெளியில் ஒரு நகராட்சியில். சேர்ந்த புதிதில் பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் நின்று டீ குடித்தேன். நல்ல டீ. சில நாள் கழித்து அதே கடை நடைபாதையில் பாதியை விழுங்கியிருக்கிறது என்று நோட்டீஸ் கொடுக்கப் போனால், கடைக்காரர் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். "நம்ம டீயக் குடிச்ச வாயிதான இது" என்று அவர் கேட்டதும் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பிளாஸ்க். கல்யாண வீட்டுக்குப் போனாலும், யாருடைய மண்டபம், அதற்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் இலையில் உட்காருவேன். சக ஊழியர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த வேலையில் எனக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

ரோடுதான் வந்தது

கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது, "நல்ல காற்று" என்று சொல்லி எல்லாரும் கை கொடுத்தார்கள். அலுவலகத்தில் நல்ல காற்று என்றால் அங்கே வேறொன்றும் இல்லை என்று அர்த்தம்.

மலையில் எனக்கு முதல் தடங்கல் தமிழ். நான் பேசும் தமிழ் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது, எங்கள் அலுவலகம் எழுதும் தமிழ் அவர்களுக்கு ஒன்றுமாகவே இல்லை. ஒருவருக்குக் கொடுத்த நோட்டீசில் "மேற்படியார்" என்று மூன்று நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். அவர் பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, "எங்கூட்டுல அப்பிடி ஆரும் இல்லீங்க கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு வீட்டுக்கு வந்த கடிதம் என்று நினைத்துவிட்டார், பாவம். அப்போதே நான் சுதாரித்திருக்கலாம்.

ஆடி மாதம் மலைக்குக் கூட்டம் ஏறும். அதற்கு முன்னால் சாலையோரக் கடைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. டேப் பிடித்து அளந்துகொண்டே போனேன். சாலையின் எல்லைக் கோட்டைத் தாண்டி நிற்கும் கடைக்குச் சிவப்பு பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. அந்த வளைவில் எல்லாக் கடைக்கும் குறி விழுந்தது. கடைசியாகப் பாப்பாத்தி அக்கா கடை.

அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. புருஷன் ரிக் லாரியில் போர்வெல் போட வடநாட்டுக்குப் போனவர், வருஷத்துக்கு ஒரு தடவை வந்துபோவார். கடைதான் குடும்பம். டீ, போண்டா, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. நான் பிரஷ்ஷைத் தூக்கியதும் அவர் அழவும் இல்லை, காலில் விழவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

"ஏனுங்க மேடம், ரோடுதானுங்க என்ற கடைக்கு வந்துச்சு. என்ற கடை ரோட்டுக்குப் போகலீங்க" என்றார்.

விசாரித்தால் உண்மை. மாமனார் காலத்திலிருந்து கடை அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது. சாலைதான் ஒவ்வொரு தடவையும் அகலமாகி அகலமாகிப் படி வரைக்கும் வந்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், கடையின் கல்சுவர்தான் பின்னால் இருந்த மண்மேட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. கடையை எடுத்தால் அடுத்த மழைக்கு மேடு சாலையில் உட்காரும். இதை ஒரு பொறியாளரை அழைத்து வந்து காட்டி, அவரை எழுத வைத்து, நாமக்கல்லில் என் மேலதிகாரி மேசைக்குக் கொண்டுபோனேன். நான் நடையாய் நடந்ததில் அவர் ஒரு நாள் மனம் இரங்கி, அந்தக் கடைக்கு மட்டும் இடிப்பிலிருந்து விலக்கு அளித்துக் கையெழுத்துப் போட்டார்.

விலக்கு. எங்கள் அலுவலகத்தில் இதைவிட இனிப்பான சொல் கிடையாது. வரிக்கு விலக்கு, பரீட்சைக் கட்டணத்துக்கு விலக்கு, வயது வரம்புக்கு விலக்கு. நான் வேலைக்கு மனுப் போட்டபோது எனக்கே ஒரு விலக்கு கிடைத்திருந்தது.

ஜேசிபி ஓட்டுகிறவர் சேலத்துப் பக்கத்துக்காரர். அவருக்குக் காகிதமெல்லாம் ஆகாது, சுவரில் என்ன பெயிண்ட் இருக்கிறதோ அதுதான் உத்தரவு. ஆகவே பாப்பாத்தி அக்கா கடையின் முன்பக்கப் பலகையில், மஞ்சள் பெயிண்டில், சாலையிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் "விலக்கு" என்று நானே எழுதினேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். "ல"வின் வளைவை இரண்டு தடவை திருத்தினேன்.

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "விலக்குங்களா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. இந்த ஊரிலேயே உங்களுக்கு மட்டும்தான்" என்றேன், பெருமையாக.

அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

ஒரு சொல், பல வீடு

பிளாஸ்க்கோடு நான் போய் உட்கார்ந்தது அதற்கு அடுத்த வாரம். அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை அந்த வழியாகப் போனேன். ஒவ்வொரு தடவையும் அதே காட்சி. கூட்டம் எதிர்ப்பக்கம் நனைகிறது, இந்தப் பக்கம் பெஞ்சு காய்கிறது. போண்டாத் தட்டில் ஈரத்துணி மூடியிருக்கிறது, அதைத் திறக்க ஆள் இல்லை.

கடைசியில் நானே கேட்டேன். கடையில் என்ன குறை, டீத்தூள் மாற்றினீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். பாப்பாத்தி அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்ன தப்புப் பண்ணினேன்னு சொல்லிப்போட்டு விலக்கி வெச்சிருக்கலாமுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லச் சொல்லத்தான் தலை சுற்றியது. அவர்கள் ஊரில் விலக்கு என்றால் ஒன்றுதான். ஊருக்கு ஆகாத காரியம் செய்த குடும்பத்தை ஊர் கூடித் தள்ளி வைப்பது. அந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக் கூடாது, நெருப்பு தண்ணீர் கொடுக்கக் கூடாது. கடைசியாக யாரையோ தள்ளி வைத்து வெகுகாலம் ஆகிறதாம். இப்போது அரசாங்கமே ஆள் அனுப்பி, மஞ்சள் பெயிண்டில் எழுதி, பாப்பாத்தியைத் தள்ளி வைத்துவிட்டது.

தள்ளி வைத்த வீட்டுக்கு வேலையாக யாராவது வர நேர்ந்தால், அவர்கள் தண்ணீரை அவர்களே கொண்டுவந்து குடிப்பார்களாம். நான் என்ன செய்தேன்? அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஊர் பார்க்க, பிளாஸ்க்கைத் திறந்தேன். அதுவரை சந்தேகத்தில் இருந்த ஒன்றிரண்டு பேரும் அன்றோடு தெளிந்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் பெண்கள் மாதாமாதம் ஒதுங்குவதற்கும் விலக்கு என்றுதான் பெயர். பலகையில் எழுதும்போது அதுவாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் பிறந்த ஊர்த் தமிழ் முதலில் போய்விடுகிறது.

சிரிக்கிற விஷயமாக இது எனக்கு இப்போதுதான் இருக்கிறது. அன்றைக்கு இல்லை. நாத்தனார் மகளுக்குக் காது குத்து, கூப்பிடவில்லை என்றார் அக்கா. குழாயடியில் இவர் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். கடையை விட்டால் அவருக்கு வேறு சோறு இல்லை. நான் காப்பாற்றிக் கொடுத்த கடையில் அவர் பட்டினி கிடந்தார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பெயிண்டை உடனே அழிக்கிறேன் என்று எழுந்தேன். இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டேன். அழித்தால் ஜேசிபி கடையை எடுத்துவிடும். எழுத்து இருந்தால் ஆள் வராது, எழுத்து போனால் கடை இருக்காது. வேறு வார்த்தை எழுதலாமா என்று நாமக்கல்லுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கோப்பில் விலக்கு என்றுதான் இருக்கிறது, சுவரிலும் அதுதான் இருக்க வேண்டும், ஜேசிபி வருகிற வரை கையை வைக்காதீர்கள் என்றார் மேலதிகாரி. அவரிடம் ஊர் விஷயத்தை விளக்கினேன். "அது அவங்க வட்டாரத்துப் பழக்கம்மா" என்றார்.

ஜேசிபி வந்து போனது

மழை விட்டதும் ஜேசிபி வந்தது. குறி போட்ட கடைகளின் முகப்பையெல்லாம் பெயர்த்துப் பின்னால் தள்ளியது. பாப்பாத்தி அக்கா கடைக்கு முன்னால் வந்ததும் டிரைவர் மஞ்சள் எழுத்தைப் பார்த்தார், கியரை மாற்றினார், தாண்டிப் போய்விட்டார். ஊரே நின்று பார்த்தது.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இனிமேல் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். கண் முன்னால் நடந்துவிட்டது. அன்றைக்கே மண்ணெண்ணெயும் பழைய துணியும் வாங்கி, நானே உட்கார்ந்து எழுத்தைத் துடைத்து எடுத்தேன்.

மறுநாளும் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் உண்மையாகவே விளங்காமல் இருந்திருக்கும். மீதிப் பேருக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் செல்போனில் அரசாங்க அறிவிப்புகளைப் படிக்கிறவர்கள். தங்கள் கடைகளுக்கெல்லாம் சிவப்புக் குறி விழும்போது இவளுக்கு மட்டும் மஞ்சள் எழுத்தா என்று அவர்களுக்கு வயிறு எரிந்திருக்கிறது. புரியாதவர்களோடு சேர்ந்து புரியாதவர்களாக நின்றுவிடுவது வசதியாக இருந்தது.

தள்ளி வைப்பதையும் சேர்ப்பதையும் தீர்மானிக்கிற ஊர்த் தலைவர், ஊர்க்கவுண்டரைப் பார்க்கப் போனேன். நரைத்த மீசையோடு ஒருவர் இருப்பார் என்று நினைத்திருந்தேன். வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். ஜீன்ஸ் பேண்ட், மினி லாரியில் அன்னாசிப் பழம் ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு இவருக்கு வந்திருக்கிறது. உட்காரச் சொல்லி, பழம் ஒன்றை வெட்டி நீட்டினார். வழக்கம்போல் வேண்டாம் என்றேன். அவர் என்னையும் பழத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

நான் பேச வந்ததைப் பேசினேன். எழுத்தை அழித்தாகிவிட்டது, விலக்கை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"நாங்க வெச்சிருந்தா நாங்க எடுப்பமுங்க. வெச்சது நீங்க" என்றார்.

கோப்பு எந்த அலுவலகத்தில் திறக்கப்பட்டதோ அந்த அலுவலகத்தில்தான் மூட முடியும் என்று என் மேலதிகாரி சொல்வார். அச்சு அசலாக அதே நியாயம். இந்த ஊர்க்கவுண்டர் மட்டும் அரசாங்க வேலைக்கு வந்திருந்தால் என்னை முந்திக்கொண்டு போயிருப்பார்.

உங்களுக்கு இந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாதா என்று நேராகவே கேட்டேன். அவர் சிரித்தார். நாமக்கல்லில் பி.காம் படித்தவராம்.

"எனக்குத் தெரியுமுங்க. ஊருக்குத் தெரியோணுமில்ல" என்றார்.

வழி என்ன என்று கேட்டேன். வழி சுலபம்தான் என்றார். தள்ளி வைத்தவர்கள் ஊர் பார்க்க அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அந்த வீட்டுக்காரி கையால் கொடுப்பதை வாங்கி உண்ண வேண்டும் அல்லது குடிக்க வேண்டும். அதோடு விலக்கு தீர்ந்தது. விலை கொடுத்து வாங்கக் கூடாது, அவர் மனதாரக் கொடுக்க வேண்டும். டீக்கடை என்பதால் டீயே போதும் என்று ஊர் சார்பில் ஒரு சலுகையும் தந்தார்.

நடவடிக்கைக்கு உட்பட்ட கடையில் காசில்லாமல் டீ. என் வேலையில் இதற்குப் பெயர் வேறு. எத்தனை வருஷமாக அந்தப் பிளாஸ்க்கைச் சுமந்திருக்கிறேன். யாராவது செல்போனில் படம் பிடித்து அனுப்பினால் என்னிடம் சொல்ல ஒரு பதிலும் இருக்காது. மேலதிகாரியிடம் மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். சார், பொதுவாகக் கேட்கிறேன், ஒரு டீ குடிக்கலாமா என்றேன். "பொதுவா கேட்டா குடிக்கக் கூடாது. கேக்காம குடிச்சா எனக்குத் தெரியாது" என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரம் ஆராதனைக்குப் போகவில்லை. கர்த்தர் புரிந்துகொள்வார், அம்மாவுக்குத்தான் சொல்லவில்லை. பிளாஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டேன். தோளில் பை லேசாக இருந்தது, எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

வளைவில் ஊர் கூடியிருந்தது. பின்னுக்குத் தள்ளப்பட்ட கடைக்காரர்கள் ஒரு பக்கம் கைகட்டி நின்றார்கள். இரண்டு பேர் செல்போனைத் தயாராகப் பிடித்திருந்தார்கள். (அந்தப் படம் நான் அடிவாரம் இறங்குவதற்குள் நாமக்கல் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு நான் விளக்கம் எழுதிக் கொடுத்ததும், ஒரு கண்டிப்போடு தப்பியதும் தனிக் கதை.) ஊர்க்கவுண்டர் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். ஜீன்ஸ் இல்லாமல் கொஞ்சம் வயதாகத் தெரிந்தார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். "அக்கா, ஒரு டீ கொடுங்க" என்றேன்.

பாப்பாத்தி அக்கா அசையவில்லை.

எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தோம். நானும் ஊர்க்கவுண்டரும் நாள் குறித்தோம், ஊருக்குச் சொன்னோம், யார் எங்கே நிற்பது என்றுகூடப் பேசினோம். அக்காவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அது அந்த நிமிஷம்தான் தட்டியது. மனதாரக் கொடுக்க வேண்டும் என்பதுதானே வழக்கம். அவர் மாட்டேன் என்றால் எல்லாம் அதோடு நின்றது.

"நீங்களே எழுதினீங்க, நீங்களே அழிச்சீங்க. இப்ப நீங்களே வந்து குடிக்கறீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா சாமி?" என்றார்.

சத்தம் போடவில்லை. பிள்ளையிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார். ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார். பாப்பாத்தி அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"கேக்கலக்கா. இப்ப கேக்குறேன். கொடுக்க மனசு இருந்தா கொடுங்க, இல்லேன்னா எந்திரிச்சுப் போறேன்" என்றேன். தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். பத்து வருஷத்துக்கு மேல் நோட்டீஸ் கொடுத்த எனக்கு அந்தச் சொல் வாயில் வரவே சிரமப்பட்டது.

அவர் ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார். பிறகு அடுப்பை ஏற்றினார். டீத்தூளைப் போட்டார், இஞ்சி தட்டினார், இரண்டு டம்ளருக்கு நடுவில் நீளமாக ஆற்றினார். கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சர்க்கரை அதிகம். கொதிக்கக் கொதிக்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், ஊர் பார்க்கக் குடித்தேன். நாக்கு பொத்துப்போனது ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம், இரண்டையும் டம்ளரால் மறைத்துக்கொண்டேன்.

ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினார். தீர்ந்தது என்றார்.

கூட்டம் சாலையைக் கடந்து வந்தது. அத்தனை நாள் நனைந்தவர்கள் எல்லாரும் கூரைக்குக் கீழே வந்தார்கள். பெஞ்சுகள் நிறைந்தன, இடம் கிடைக்காதவர்கள் படியில் உட்கார்ந்தார்கள். ஊர்க்கவுண்டர் முன் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாருக்கும் ஒரு டீ போடச் சொன்னார். நாத்தனார்கூட வந்திருந்தார். குழந்தையைப் பார்த்தாயா, காதுத் தோடு எப்படி இருக்கிறது பார் என்று ஒன்றும் நடக்காத மாதிரி பேச ஆரம்பித்தார்.

பாப்பாத்தி அக்கா எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். அடுப்பை அணைத்தார்.

"பால் தீந்துபோச்சுங்க. நாளைக்கு வாங்க" என்றார்.

அடுப்பின் மேல் போசி நிறையப் பால் இருந்தது. ஆடை கட்டிக்கொண்டிருந்தது. முன் பெஞ்சிலிருந்து நன்றாகவே தெரியும், ஊர்க்கவுண்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது.

ஊர்க்கவுண்டர்தான் முதலில் எழுந்தார். "சரிங்கக்கா, நாளைக்கு வாரோம்" என்றார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக, நாளைக்கு வாரோம், நாளைக்கு வாரோம் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். செல்போன்களும் பாக்கெட்டுக்குள் போயின.

நான் இன்னும் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. பாப்பாத்தி அக்கா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார்.

"எந்திரிங்க கண்ணு. பெஞ்ச உள்ளார எடுத்து வெக்கோணும்."

எழுந்தேன். அவர் ஒரு பக்கம் பிடித்தார், நான் மறுபக்கம் பிடித்துத் தூக்கினேன்.